எங்கள் பிளாக்குத் தண்ணீர் போகும் வழி

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த முதல் வாரத்தில் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இங்க மேடு எங்கிட்டு இருக்கு?"

நான் காலை ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கேள்வி புரியவில்லை. மேடை என்று கேட்கிறாளோ என்று நினைத்து, சமையலறை மேடையைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் சிறுமலைக்காரி. திண்டுக்கல்லிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போனால் வரும் மலை அது. அவர்கள் வீட்டில் வாழை, காப்பி, எலுமிச்சை. பக்கத்து வீட்டுக்கு உறைமோர் வாங்கப் போவதென்றாலும் ஒன்று ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். சொந்தக்காரர்களைக்கூட மேல வீட்டுச் சித்தி, கீழ வீட்டுச் சித்தப்பா என்றுதான் சொல்வார்கள். அப்படி வளர்ந்தவளை நான் கொண்டுவந்து இறக்கியது, ஒரே அளவு, ஒரே உயரம், ஒரே மஞ்சள் பூச்சு அடித்த குவார்ட்டர்ஸ் வரிசையில். நேர்கோட்டில் ரோடு, ரோட்டின் இரு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். எங்கே திரும்பினாலும் இன்னொரு நேர்கோடு.

"எல்லா வீடும் பந்திக்கு உக்காந்த மாதிரி ஒரே மட்டத்துல உக்காந்திருக்கு" என்றாள். "தண்ணி எங்கிட்டு ஓடும்னே தெரியல. அது தெரியாம ஒரு ஊர்ல எப்படிங்க இருக்கிறது?"

நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். அப்பா விழுப்புரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். நான் இங்கேயே படித்து, இங்கேயே சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷனில் பெர்மனெண்ட் ஆனவன். என் வேலையே தண்ணீர்தான். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே மணல் அடுக்கு ஒன்று இருக்கிறது. அதில் நிறைந்திருக்கும் தண்ணீர் எந்நேரமும் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். விட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் இரவு பகல் பாராமல் இறைத்து வெளியே அனுப்புகிறோம். பூமிக்கடியில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று கேட்டால் நான் படம் போட்டே காட்டுவேன். என் வீட்டு வாசலில் பெய்த மழை எங்கே போகிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

"இங்க மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது" என்றேன். "பள்ளம் வேணும்னா சுரங்கம் இருக்கு. மேடு வேணும்னா, அதுல தோண்டுன மண்ணைக் கொட்டி வச்ச மலை இருக்கு. ரெண்டையும் காட்டறேன்."

மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். ஓரத்தில் நின்று பார்க்கும் இடத்திலிருந்து கீழே பார்த்தாள். மேலே செம்மண், அதற்குக் கீழே மஞ்சள், பிறகு சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைக் களி, இடையிடையே கத்திரிப்பூ நிறத்தில் திட்டுகள், எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பாக நிலக்கரி. ராட்சத சக்கரம் ஒன்று மெதுவாகச் சுற்றி மண்ணைக் கொறித்துக்கொண்டிருந்தது. புதிதாக வருகிற விருந்தாளிகள் எல்லோரும் இந்த இடத்தில் வாயைப் பிளப்பார்கள். அவளும் அடுக்கு அடுக்காகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நீங்கள்லாம் பண்ணுனது. நான் கேக்குறது தானா இருக்கிறதை."

மேட்டைக் கண்டுபிடித்தது சைக்கிள்தான். மலையில் யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை. ஏறும்போது தள்ள வேண்டும், இறங்கும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தன் பெண்ணின் பழைய சைக்கிளைக் கொடுத்தார். திருவதிகையில் பிறந்தவர் அவர். எதையும் சத்தமாகத்தான் சொல்வார். "பயந்துகினு ஓட்டுனா வுழத்தான் செய்வ. கண்ணை நேரா வச்சிகினு மிதி!" என்று அவர் வாசலிலிருந்து கத்த, என் மனைவி தெருவில் கோணலாகப் போனாள். மதில்மேல் உட்கார்ந்திருந்த மயில்கள் பறந்து ஓடின. ஒருமுறை ரவுண்டானாவுக்குள்ளேயே ஏறிச் செம்பருத்திச் செடியில் போய் உட்கார்ந்தாள். மாதம் முடிவதற்குள் தனியாக மார்க்கெட் போய்வர ஆரம்பித்துவிட்டாள்.

ஒருநாள் திரும்பி வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "போறப்ப மிதிக்கவே வேணாம். வர்றப்ப தொடை கெஞ்சுது. இங்க சரிவு இருக்குங்க."

"வரும்போது பை கனமா இருக்கும்ல?"

"பையில கொத்தமல்லிக் கட்டு மட்டுந்தான் இருந்துச்சு."

"எதிர்க்காத்தா இருக்கும்."

"நீங்களே ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. அவள் சொன்னது உண்மை. கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற ரோடு காலுக்குச் சமமாக இல்லை. இத்தனை வருடம் பைக்கில் பறந்த எனக்கு, மோட்டார் அந்த விஷயத்தைச் சொல்லாமலே மறைத்துவிட்டது. எங்கள் பிளாக் உயரத்தில் இருந்தது. மார்க்கெட் தாழ்வில் இருந்தது. என் ஊரில் ஒரு மேடு இருப்பதைச் சிறுமலைக்காரி வந்து கண்டுபிடித்துவிட்டாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான்.

அடுத்த கேள்வி உடனே வந்தது: "அப்ப நம்ம வீட்டு மழைத்தண்ணி எந்த ஆத்துக்குப் போகுது?"

"வெள்ளாறு" என்றேன். தெற்கே போனால் சேத்தியாத்தோப்பு, அங்கே வெள்ளாறு. வேறு எங்கே போகும்?

பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. "வெள்ளாறா? யாரு சொன்னது? எங்க ஊரு கெடிலத்துக்குத்தான் வரும். எங்க ஆத்துல வெள்ளம் வந்தா எல்லாம் செவப்பாத்தான் வரும். அது இந்த மண்ணு இல்லாம வேற எந்த மண்ணு?" என்றார். கெடிலம் வடக்கே, பண்ருட்டிப் பக்கம். என் மனைவி அக்காவின் கட்சியில் சேர்ந்துகொண்டாள். தோற்றவர் ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பார்ப்பது என்று பந்தயம். போனில் வரைபடத்தைத் திறந்தேன். எங்கள் தெரு இருந்தது. தெருவுக்குப் பின்னால் ஓடும் மோரி, அந்த மழைநீர் வடிகால், அதில் இல்லை. "தண்ணிகிட்டயே கேட்டுருவோம்" என்றாள் அவள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூறலாகக் குறைந்தது. எனக்கு அன்று ஆஃப். வேட்டியை மடித்துக்கட்டி நானும், சுடிதார்மேல் என் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவளும், பின்பக்க மோரி ஓரமாக நடக்க ஆரம்பித்தோம். எதிரே வந்த என் செக்‌ஷன் ஆள் ஒருவர், "என்ன, ஏதாவது விழுந்துருச்சா?" என்று கேட்டார். "தண்ணியத் தேடறோம்" என்றேன். அவர் மேலும் எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

பிளாக்கின் கடைசியில் ஒரு பழைய விளையாட்டு மைதானம். அதன் நடுவில் மழைநீர் குட்டையாக நின்றது. நாங்கள் அதைச் சுற்றி வந்தோம். ஒரு மூலையில் தண்ணீர் வடக்கே வழிந்து, புல்லுக்குள் கோடு போட்டுக்கொண்டு போனது. எதிர் மூலையில் தெற்கே வழிந்து எங்கள் மோரியில் வந்து சேர்ந்தது. என் மனைவி இரண்டு மூலைக்கும் மாறி மாறி ஓடினாள். "இதுதாங்க உச்சி!" என்று கத்தினாள். "எங்க ஊர்லயும் இப்படித்தான். ஒரு பாறை இருக்கு. அதுல விழுற மழை பாதி அங்கிட்டு, பாதி இங்கிட்டு."

மட்டையும் பந்தும் வைத்து நான் சின்ன வயதில் ஆடிய மைதானம் அது. அது ஒரு மலையின் உச்சி என்று அன்றுதான் தெரிந்தது.

அக்கா சொன்னதும் பொய்யில்லை. அந்தப் பக்கம் விழுவது கெடிலத்துக்குப் போகிறது. எங்கள் வீட்டுப் பக்கத்துத் தண்ணீர் தெற்கேதான் இறங்கியது. நான் மீசையை முறுக்கினேன். "ஆத்தைப் பாத்துட்டு முறுக்குங்க" என்றாள்.

டவுன்ஷிப் மதிலுக்கு அடியில் மோரி புகுந்து வெளியே போனது. நாங்கள் வீட்டுக்குத் திரும்பி, பைக்கை எடுத்துக்கொண்டு, சுற்றிப் போய் அந்தப் பக்கத்தில் அதைப் பிடித்தோம். மதிலைத் தாண்டியதும் அது மோரியாக இல்லை. நல்ல செக்கச்செவேலென்ற ஓடை. முந்திரித் தோப்புகளுக்கு நடுவே மண்ணை அறுத்துக்கொண்டு போனது. போகப் போக ஆழம் கூடியது. ஓரிடத்தில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே இறங்கினோம். இரு பக்கமும் ஆள் உயரத்துக்கும் மேலே செஞ்சுவர். மேலே காரைச் செடியும் களாவும் சூரைமுள்ளும் சுவரை எட்டிப் பார்த்தபடி தொங்கின. சுவரில் வட்ட வட்டமாகப் பொந்துகள். பஞ்சுருட்டான் குருவிகள் கோடையில் கூடு வைத்துவிட்டுக் காலி செய்த வீடுகள். ஒன்றிரண்டு குருவிகள் பக்கத்துக் கம்பியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன, பச்சைத் துணியைப் பிழிந்து காயப்போட்டதுபோல.

அவள் சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்து, விரலுக்குள் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இது என்னங்க பாறை? வறுத்த ரவை மாதிரி இருக்கு."

மலைப்பாறையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது பெரிய அதிர்ச்சி. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கீழே இருக்கும் கறுப்பு ஒரு காலத்தில் சதுப்புக் காடாக இருந்தது. அது புதைந்த பிறகு மேற்கே இருந்த மலைகள் கரைந்து, ஆறுகள் அந்த மணலையும் களியையும் கொண்டுவந்து அடுக்கடுக்காகக் கொட்டின. அதுதான் இறுகி இந்த மேடு ஆனது. செக்‌ஷனில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மனப்பாடமாகச் சொல்லும் பாடம். நானும் அப்படித்தான் ஒப்பித்தேன். அவள் கையிலிருந்த பொடியைக் கீழே போடாமல் நின்றாள்.

"மலையா வந்து கெடக்கு இங்க?"

"மலைதான்."

"எங்க மலையா?"

"அதெல்லாம் சொல்ல முடியாது. மேற்குப் பக்கம் ஏதோ மலை."

அவள் பொடியைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் சுவரின் நிறம் மாறியது. சிவப்புக்கு அடியில் வெள்ளைக் களி தலைகாட்டிய இடத்தில், மணலும் களியும் சந்திக்கிற கோட்டிலிருந்து, தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மேலிருந்து இறங்கும் மழைநீர் களியைத் துளைக்க முடியாமல் பக்கவாட்டில் வெளியே வருகிறது. ஓடைத் தண்ணீர் சிவப்பாக இருக்க, இது மட்டும் கண்ணாடியாக இருந்தது. "சுனை!" என்றாள். அதன் ஈரத்தில் பாசியும், காசு அளவில் சிவப்பாக ஒரு செடியும் தரையோடு தரையாக ஒட்டியிருந்தன. செடியின் இலை மயிர்களில் பசைத்துளிகள் மின்னின. ஒன்றில் எறும்பு ஒட்டிக்கொண்டு காலை ஆட்டியது. "அழுகண்ணி. எங்கப்பா காட்டியிருக்காரு. பூச்சியத் திங்கும்" என்றாள். பூச்சி தின்னும் செடி ஒன்று என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்ததை நான் அன்றுவரை பார்த்ததில்லை.

மதியத்துக்குள் மேடு முடிந்துவிட்டது. முந்திரி நின்று, பனை வந்து, பனையும் நின்று, வானம் திடீரென்று பெரிதாகியது. ஓடை அகன்று வாய்க்காலாகி வயல்களுக்கு நடுவே போனது. செம்மண் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகியது. எந்த இடத்தில் மாறியது என்று நான் கவனிக்கவில்லை. பைக் கவனித்தது. வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் போனதுமே சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் களிமண் அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. இறங்கிக் காலை ஊன்றினேன். செருப்பு உள்ளே போனது, கால் மட்டும் வெளியே வந்தது. செம்மண்ணில் எத்தனை மழை பெய்தாலும் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இந்த மண்ணுக்கு வேறு சட்டம். நான் தள்ள, வண்டி வழுக்க, வண்டியோடு சேர்ந்து நானும் வரப்பில் மெதுவாக உட்கார்ந்தேன். என் மனைவி உதவிக்கு வருவதற்குப் பதிலாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் வயதில் மூத்த ஒருத்தர், கையில் நாற்று முடியோடு வரப்பேறி வந்தார்.

"என்னாத்துக்குங்க இந்த மழையில வண்டியச் சேத்துல வுட்டுகினு நிக்கிறீங்க? எந்த ஊரு?"

"நெய்வேலிங்க."

"செம்மண்ணுக்காரங்களா! அதான். குச்சி எடுத்துகினு நோண்டணும், உருட்டக் கூடாது." பனைமட்டையைக் கிழித்துச் சக்கரத்தை அவரே நோண்ட ஆரம்பித்தார். நானும் நோண்டினேன். "இங்கன எதுக்கு வந்தீங்க? சொந்தக்காரங்க யாருனா இருக்காங்களா?"

என் மனைவி சொன்னாள்: "எங்க வீட்டு மழைத்தண்ணி எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே வந்தோங்க. இந்த வாய்க்கால்தான்."

அவர் வாய்க்காலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு வயல்பக்கம் திரும்பிக் கூவினார்: "ஏய், இவங்க வூட்டு மோரித் தண்ணியத்தான் நாம நெல்லுக்கு வுட்டுகினு இருக்கமாம்! கணக்குப் பாக்க வந்திருக்காங்க!" வயல் முழுக்கச் சிரிப்பு.

"இது வெள்ளாத்துக்குத்தானே போகுது?" என்று நான் கேட்டேன்.

"வெள்ளாறா? அது அந்தாண்ட கெடக்குது, சேத்தியாத்தோப்புக்கிட்ட. இது பரவனாத்துக்குப் போவுதுங்க. அப்பறம் பெரிய ஏரி, அப்பறம் கடலூரு, கடலு."

பரவனாறு. பேர் கேள்விப்பட்டிருக்கிறேன், பாலத்தைத் தாண்டியிருக்கிறேன். கெடிலத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில், எங்கள் மேட்டின் காலடியில் தொடங்கி, யாருடைய பந்தயத்திலும் இல்லாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த சின்ன ஆறு. நானும் தோற்றேன், அவளும் தோற்றாள்.

"மழைக்காலம் மட்டுமில்லைங்க" என்று அந்த அம்மா தொடர்ந்தார். "கோடையிலயும் தண்ணி வரும். சுரங்கத்துல எறைச்சி வுடறாங்கல்ல, அது."

"அது நாங்கதாங்க எறைக்கிறது. என் வேலையே அதுதான்."

அவர் நோண்டுவதை நிறுத்தினார். "நெசமாவா? அப்ப கோடையில வெளையற எங்க நவரைப் பட்டத்து நெல்லு உங்களாலதான்" என்றார், கேலியும் இல்லாமல் மரியாதையும் இல்லாமல், சாதாரணமாக. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இத்தனை வருடமாக நான் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தேன். போய்த் தொலையட்டும் என்று அனுப்பிய தண்ணீர். அது போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருவர் இருக்கிறார், அவர் முகம் இப்படி இருக்கிறது என்று தெரிந்த முதல் நாள் அது.

"எங்க பழைய வூடு இருந்த எடத்துலதான் இப்ப உங்க பள்ளம் இருக்குது" என்றும் அவர் சொன்னார். "நான் கட்டிகினு வந்தப்ப அங்கதான் இருந்தோம். அப்பறம் இந்தாண்ட வந்தோம். என் மவன் அங்கதான் காண்ட்ராக்டுல போறான்." அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உருளுது. வந்த வழியே போயிடுங்க, முன்னால போனா இன்னும் மோசம்" என்று நாற்றோடு வயலுக்கு இறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் பந்தயப் பிரச்சினை எழுந்தது. இருவரும் தோற்றதால் இருவரும் சமைக்க வேண்டுமா, யாரும் சமைக்க வேண்டாமா? பக்கத்து வீட்டு அக்காவிடம் தீர்ப்புக்குப் போனோம். "ரெண்டு பேரும் தோத்தீங்கன்னா அடுப்பையே மூட்டாதீங்க. எங்கனா போய்த் தின்னுங்க" என்றார். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வடலூரில் பரோட்டாவைக் கட்டிக்கொண்டு பரவனாற்றின் கரையோரமாகக் கிழக்கே போக ஆரம்பித்தோம். ஒரு வாரம் ஒரு பாலம், அடுத்த வாரம் ஒரு மதகு. பெருமாள் ஏரியின் கரையில் ஏறி நின்றபோது கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக நின்று சேற்றைக் கிளறின. கடலூர் பழைய நகரத்துக்குப் பக்கத்தில் உப்பங்கழியில் எங்கள் பிளாக்குத் தண்ணீர் படகுகளுக்கு அடியில் புகுந்து கடலுக்குப் போனதைப் பார்த்தபோது மார்கழி ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு என் ஊரைப் பற்றி அவள் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் அவளிடம் யாரும் குறை சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. அது எனக்குத் தெரியவந்தது என் மாமனார் வந்தபோது.

மாமனார் கல்யாணத்துக்குப் பின் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. "சமதரையில எனக்குத் தூக்கம் வராது" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். ஒரு பங்குனியில், வாழைத்தாரும் ஒரு மூட்டை எலுமிச்சையுமாக வந்து இறங்கினார். நண்பர் ஒருவரின் காரை இரவல் வாங்கி, நானும் அவளும் பஸ் நிலையத்துக்குப் போய் மாமனாரை அழைத்துவந்தோம். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தவர், "வழி பூராம் சப்பாத்திப் பலகை மாதிரி இருக்கே, மாப்ள" என்றார். மகளைக் கொடுத்த ஊரை அவர் இப்படித்தான் ஒரு வருடமாகக் கற்பனை செய்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தது.

பின்சீட்டில் இருந்த மகள் பொங்கிவிட்டாள். "யாருப்பா சொன்னது சமதரைன்னு? நாளைக்குக் காலையில ரெடியா இருங்க."

மறுநாள் மைதானத்தில் தொடங்கியது. "இதுதான் உச்சி" என்றாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். அங்கிருந்து காரில் ஓடைக்குப் போனோம். அந்தப் பருவத்தில் ஓடை வறண்டு கிடந்தது. செஞ்சுவர்ப் பொந்துகளில் பஞ்சுருட்டான்கள் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தன. மாமனார் சுவரைக் கையால் தடவினார், உதிர்ந்தது.

"என்னத்தா இது? பாறைன்ன. புட்டு மாதிரி உதிருது."

"நம்ம மலை மாதிரி மலையெல்லாம் தேஞ்சு, ஆத்தோட வந்து இங்கிட்டுப் படுத்திருக்குப்பா. நாம நிக்கிறது மலைமேலதான்."

அவர் என்னைப் பார்த்தார். "நெசமா மாப்ள?"

"மேற்கே இருந்த மலைங்க மாமா. எந்த மலைன்னு பேர் சொல்ல முடியாது."

"பேரு எதுக்கு? மலைன்னா சரி" என்றார். ஆனால் அவரை வளைத்தது அந்த விளக்கம் இல்லை, சுனை. பங்குனியிலும் அது கசிந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் குந்தி உட்கார்ந்தார். சருகை விலக்கி, கையால் ஒரு சின்னக் குழி பறித்து, கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, உள்ளங்கையில் அள்ளிக் குடித்தார். மகளுக்கும் கொடுத்தார். மலையில் அவர்கள் காலங்காலமாகச் செய்வது அது என்று பார்த்ததும் தெரிந்தது.

அந்த நேரத்தில் மேலே ஒரு குரல்: "யாருய்யா அது ஓடையில? முந்திரி பொறுக்க வந்தீங்களா?" தோப்புக்காரர், காடாம்புலியூர்க்காரர், கையில் தொரட்டியோடு எட்டிப் பார்த்தார். கொட்டை திருடுகிற பருவம் அது. என் மாமனார் அண்ணாந்து பார்த்து, "தண்ணி குடிக்க வந்தோம்ங்க. நல்ல தண்ணி வச்சிருக்கீங்க" என்றார். தொரட்டி கீழே இறங்கியது. தன் தோப்பில் சுனை இருப்பதை யாரோ பாராட்டியது அவருக்கு அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். கால்மணி நேரத்தில் இருவரும் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். மலையில் காப்பிக்கு என்ன நிழல் வைப்பீர்கள், இங்கே பலாவுக்கு எத்தனை அடி இடைவெளி, காட்டுப்பன்றிக்கு என்ன செய்கிறீர்கள் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. முந்திரிப் பழத்தைக் கடித்த மாமனாருக்குத் தொண்டை கரகரத்து, மகளின் பெயரைக்கூடச் சரியாகக் கூப்பிட முடியவில்லை. தோப்புக்காரர் உப்பைக் கொடுத்து, "இதைத் தொட்டுகினு தின்னணுங்க, சொல்லாம வுட்டுட்டேன்" என்று சிரித்தார்.

சாயங்காலம் பெருமாள் ஏரிக்கரையில் நின்றோம். வெயில் சாய்ந்து, நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கோடையில் இத்தனை தண்ணீர் எப்படி என்று கேட்டார். சுரங்கத்தில் இறைக்கும் தண்ணீரும் இதில் வந்து சேருகிறது என்று விளக்கினேன். மருமகன் என்ன வேலை பார்க்கிறான் என்று ஊரில் கேட்டால் "சுரங்கத்துல" என்று மட்டும் சொல்லிவந்தவர் அவர். இப்போது ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர் ஏன் மேலே முட்டுகிறது, எவ்வளவு ஆழம், மோட்டார் நின்றால் என்ன ஆகும்.

"நிக்காது மாமா. ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடும்."

"நின்னா?"

"எல்லாரும் அங்க ஓடுவோம்."

பலமாகச் சிரித்தார். அப்போது அவர் போன் அடித்தது. சிறுமலையிலிருந்து மாமியார். சிக்னல் சரியில்லாததால், அங்கே எதையும் கத்தித்தான் பேசுவார்கள். இவரும் ஏரியில் இருந்த நாரைகள் எழும்பும்படி கத்தினார்.

"ஆமா, நல்லாத்தான் இருக்காக... ஊரா? ஊரு சப்பட்டைன்னு யாரு சொன்னது ஒனக்கு? மேடு இருக்கு, ஓடை இருக்கு, சுனை இருக்கு, குடிச்சேன். கடல் மாதிரி ஏரி இருக்கு. மாப்ளதான் தண்ணி விடுறாரு... இல்ல, வெளையாட்டுக்குச் சொல்லல... நாளைக்கு எப்படி வர? தோப்புக்காரர் ஒருத்தரு பலாக்கன்னு காட்டுறேன்னுருக்காரு. ரெண்டு நாள் சேத்து இருந்துட்டுத்தான் வருவேன். வாழைக்குத் தண்ணி பாச்சிரு."

போனை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கரையிலிருந்து இறங்கத் தொடங்கினார். நல்ல செங்குத்தான கரை. நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பக்கவாட்டில் கால் வைத்து, மளமளவென்று அவர் பாட்டுக்கு இறங்கிப் போனார். என் மனைவியும் அப்படியே. நான் மட்டும் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பின்பக்கமாகத் திரும்பி, மெதுவாக இறங்கினேன். கீழே நின்று அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.